ஏசி அறையிலிருந்து தெருவுக்கு: பிளேக்குக்குப் பின் சூரத் மாநகராட்சி

பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால் நகராட்சியில் முதலில் பிரிக்கப்படுவது பிளீச்சிங் பவுடர் மூட்டை. சாலையின் இரு ஓரமும் வெள்ளைக்கோடு இழுத்துவிட்டால் தெரு சுத்தமாக இருப்பது போலத் தெரியும். நான் ஒரு நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இருந்த மேஸ்திரி ஒருவர், வருகை இருக்கும் நாளில் விடியற்காலையிலேயே போன் செய்துவிடுவார்: "சார், வண்டி எந்தத் தெரு வழியா போவும்னு மட்டும் சொல்லுங்க." அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு வார்டுக்கு 11 பேரை வைத்துக்கொண்டு அவரால் எல்லாத் தெருவையும் பெருக்க முடியாது, வண்டி போகும் தெருவை மட்டும்தான் முடியும்.

அந்தக் கேள்வியே எழாதபடி செய்த ஒரு மாநகராட்சி உண்டு. 1995-க்கும் 1997-க்கும் இடையே குஜராத்தின் சூரத்தில் நடந்தது அது. ஆணையராக இருந்தவர் எஸ்.ஆர். ராவ், 1978-ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரு வீரக்கதையாகவே சொல்கிறார்கள். உள்ளாட்சியில் காலம் கழித்தவனுக்கு அதில் வேறொன்றுதான் கண்ணில் படும். அதிகாரம் தலைமை அலுவலகத்திலிருந்து மண்டலத்துக்கு இறங்கியது. அதிகாரி தினமும் தெருவில் நின்றார். இந்த இரண்டையும் ஆராய்ந்தால் போதும், மற்றவை இவற்றின் விளைவு.

பிளேக்குக்கு முந்தைய நகரம்

தபதி ஆற்றங்கரையில் இருக்கும் சூரத் முகலாயர் காலத்துத் துறைமுகம். கிழக்கிந்தியக் கம்பெனி தொடக்க காலத்திலேயே கால் ஊன்றிய ஊர். இருபதாம் நூற்றாண்டில் அதன் முகம் மாறிவிட்டது. விசைத்தறி, சாயப்பட்டறை, ஜரிகை, எல்லாவற்றுக்கும் மேலாக வைரம் பட்டை தீட்டும் தொழில். 1961-ல் மூன்று லட்சத்தைத் தொடாத மக்கள்தொகை 1991-ல் கிட்டத்தட்ட 15 லட்சம் ஆகிவிட்டது. ஒடிசா, மகாராஷ்டிரம், சௌராஷ்டிரம், உத்தரப்பிரதேசம் என்று பல இடங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஒரே அறையில் ஷிப்ட் முறையில் தூங்கினார்கள். பகல் ஷிப்ட் முடிந்து வருபவன் படுக்க, இரவு ஷிப்ட்காரன் எழுந்து போவான். ஊர் இப்படிப் பெருக, சாக்கடையும் குடிநீரும் குப்பை வண்டியும் பழைய அளவிலேயே நின்றுவிட்டன. நாளொன்றுக்கு விழும் குப்பையில் ஏறத்தாழ பாதிதான் அள்ளப்பட்டது.

ஊரில் பணம் இல்லாமல் இல்லை, இந்தியாவின் செழிப்பான நகரங்களில் ஒன்று அது. நகரம் சம்பாதித்தது, ஆனால் நகர நிர்வாகம் சம்பாதிக்கவில்லை. வளர்ந்துவரும் நம் தொழில் நகரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1994 மழைக்காலத்தில் தபதியில் வெள்ளம் வந்து தாழ்வான பகுதிகளை மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்த பிறகு சேறும் செத்த கால்நடைகளும் கிடந்தன. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் வேத் ரோடு பகுதியிலிருந்து காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஆட்கள் அரசு மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். நுரையீரல் பிளேக் என்ற சொல் பரவியதும் ஊர் காலியானது. சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானோர் ரயிலிலும் பஸ்ஸிலும் லாரியிலும் வெளியேறினார்கள். தனியார் மருத்துவர்களில் பலரும் கிளம்பிவிட்டார்கள். டெட்ராசைக்ளின் மாத்திரை கடைகளில் தீர்ந்துபோனது. மும்பையிலும் டெல்லியிலும் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தார்கள். வளைகுடா நாடுகள் விமானங்களை நிறுத்தின.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இந்தியா முழுவதும் நோய் சந்தேகிக்கப்பட்டவர்கள் 693 பேர், இறந்தவர்கள் 56 பேர். இறப்புகளில் பெரும்பாலானவை சூரத்தில். அது பிளேக்தானா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே சில ஆண்டுகள் நடந்தது. என்னைப் பொறுத்தவரை, விவாதத்தின் முடிவு எதுவாக இருந்தாலும் சூரத் அடைந்த வெட்கம் ஒன்றுதான். வைரம் பட்டை தீட்டி உலகுக்கு அனுப்பும் ஊரிலிருந்து மக்கள் குப்பைக்குப் பயந்து ஓடினார்கள்.

மே 1995

நோய் அடங்கிச் சில மாதங்கள் கழித்து ராவ் பொறுப்பேற்றார். இது முக்கியம். நெருக்கடி நேரத்தில் வேலை செய்வது ஒரு வகையில் எளிது. அப்போது எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். நெருக்கடி முடிந்து ஊர் மறக்கத் தொடங்கும் நேரத்தில்தான் அவர் வந்தார். குப்பை பழைய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

அவருக்குப் புதிய பணியாளர் படை எதுவும் கொடுக்கப்படவில்லை. பிளேக் வந்தபோது எந்த மேஸ்திரி, எந்த சுகாதார ஆய்வாளர், எந்தப் பொறியாளர் இருந்தார்களோ அவர்களைக் கொண்டே வேலை நடந்தது. 'ஆட்கள் சரியில்லை' என்ற வாதத்தை என் பணிக்காலத்தில் நூறு கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். சூரத்தை அறிந்த பிறகு அந்த வாதத்தை நான் ஏற்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சூரத்துக்குப் பொருந்தியது பம்பாய் மாகாண மாநகராட்சிகள் சட்டம், 1949. அதன்படி நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. செலவுக்கு நிலைக்குழுவும் மன்றமும் ஒப்புதல் தர வேண்டும். அவசரம் என்றால் ஆணையர் முதலில் செய்துவிட்டு உடனே மன்ற அமைப்புக்குத் தெரிவிக்கலாம். தன் அதிகாரத்தைக் கீழே உள்ள அலுவலருக்கு எழுத்து மூலம் ஒப்படைக்கவும் செய்யலாம். இவை எதுவும் ராவ் கண்டுபிடித்தவை அல்ல, புத்தகத்தில் எப்போதும் இருந்தவைதான். அவர் அவற்றைப் பயன்படுத்தினார்.

ஆறு மண்டலங்கள்

நகரை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மாநகராட்சியின் மூத்த அதிகாரி ஒருவரைத் தலைவராக்கினார். பெயரளவுக்கு மண்டல அலுவலகம் வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே ஆணையரின் நிர்வாக, நிதி அதிகாரங்களில் கணிசமான பங்கு மண்டலத் தலைவருக்குக் கொடுக்கப்பட்டது. குப்பை, சாலை, சாக்கடை, கட்டட அனுமதி, ஆக்கிரமிப்பு, வரி என்று அந்தப் பகுதிக்குள் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு.

இதன் எடை என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரிய ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு தெருமுனையில் சாக்கடையின் கான்கிரீட் மூடி உடைந்துவிட்டது என்று வையுங்கள். மேஸ்திரி ஆய்வாளரிடம் சொல்வார். ஆய்வாளர் பொறியியல் பிரிவுக்கு எழுதுவார். உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். அது தொழில்நுட்ப அனுமதிக்கும் பிறகு நிர்வாக அனுமதிக்கும் போகும். பட்ஜெட்டில் அந்தச் செலவுத் தலைப்பில் நிதி இருக்கிறதா என்று கணக்குப் பிரிவு பார்க்கும். மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டும். மன்றப் பொருளாக வைக்க வேண்டியிருந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். வொர்க் ஆர்டர் வருவதற்குள் மழை வந்துவிடும். உடைந்த மூடிக்குள் பாலித்தீன் போய் அடைத்து, தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கும். இந்தச் சங்கிலியில் யாரும் தப்பு செய்யவில்லை, ஒவ்வொருவரும் தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்கள்.

ஒருமுறை எங்கள் ஊரில் இப்படி ஒரு மூடியை, மழைக்கு முன் போட்டே ஆகவேண்டும் என்று, ஆணையரின் வாய்மொழி உத்தரவின் பேரில் நாங்களே வாங்கிப் போட்டோம். தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டுத் தணிக்கையில் விலைப்புள்ளி இல்லை என்று ஆட்சேபப் பாரா எழுதப்பட்டது. ஆணையர் அதற்குள் மாறுதலில் போயிருந்தார். நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பாராவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அதனால்தான் சூரத் கதையில் 'எழுத்து மூலம் ஒப்படைத்தார்' என்ற ஒரு வரி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கீழ்மட்ட அலுவலரைத் துணிந்து வேலை செய்யச் சொல்வது சுலபம். அந்தத் துணிவுக்கு நாளை அவர் தனியாக விலை கொடுக்காதபடி உத்தரவு போட்டுத் தருவதுதான் தலைமை.

தினமும் காலையில்

ராவ் கொண்டுவந்த முறைக்கு 'ஏசியிலிருந்து டிசிக்கு' என்று பெயர் வந்தது. டிசி என்றால் 'டெய்லி சோர்ஸ்', ஏசி அறையை விட்டு தினசரி வேலைக்கு இறங்குவது என்று பொருள். ஆணையரும் மண்டலத் தலைவர்களும் மூத்த அதிகாரிகளும் காலை நேரத்தைக் களத்தில் கழிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, காலையில் பார்த்ததைப் பேசி, அங்கேயே முடிவெடுக்க வேண்டும். ஒரு மண்டலத்தில் ஜேசிபி தேவை, இன்னொரு மண்டலத்தில் சும்மா நிற்கிறது என்றால் கடிதம் எழுத வேண்டியதில்லை. நேற்று ஒப்புக்கொண்டது இன்று நடந்ததா என்ற கேள்வி சக அதிகாரிகளின் முன்னிலையில் வரும்.

என் மேஸ்திரியின் கேள்விக்குத் திரும்புகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் வருகைக்கு வெள்ளைக்கோடு போடலாம். தினமும் வருபவருக்கு, அதுவும் எந்தத் தெருவுக்கு வருவார் என்று தெரியாதபோது, எத்தனை மூட்டை பிளீச்சிங் பவுடர் வேண்டும்? வேலையைச் செய்துவிடுவதுதான் அதைவிடச் சுலபம். அதோடு, தினமும் வரும் அதிகாரிக்கு அந்த நான்கு வார்டில் 11 பேரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதும் தெரிந்துவிடும். மெமோ கொடுப்பதற்குப் பதில் இன்னொரு தள்ளுவண்டி கொடுப்பார். நாள்தோறும் நடக்கும் ஆய்வு கீழே உள்ளவருக்கும் பாதுகாப்புதான் என்பதை மேலிடங்கள் பெரும்பாலும் உணர்வதில்லை.

நகரம் துப்புரவு வார்டுகளாகவும், வார்டுகள் இன்னும் சிறிய பகுதிகளாகவும் பிரிக்கப்பட்டன. எந்தத் தெருவுக்கு யார் பொறுப்பு என்பது பெயரோடு நிர்ணயமானது. மக்களின் புகார் பதிவாகி, அதற்கு ஒரு கெடு வைக்கப்பட்டது. தெருவில் குப்பை போட்டவருக்கு அபராதம், திரும்பவும் போட்டால் இரட்டிப்பு.

இரவு வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முக்கியச் சாலைகளை இரவில் சுரண்டிப் பெருக்கும் முறை சூரத்தில் அப்போதுதான் தொடங்கியது. கேட்க எளிய விஷயமாகத் தோன்றும். பெருக்குவது வேறு, சுரண்டுவது வேறு. சாலையின் நடுத்திட்டு ஓரத்திலும் நடைபாதை விளிம்பிலும் மண் படிந்து, மழை பட்டு இறுகி, ஒரு விரல் உயரத்துக்குக் கெட்டியாகிவிடும். விளக்குமாறு அதன் மேல்தான் போகும். அந்த மண்தான் குப்பையைப் பிடித்து நிறுத்துகிறது. மழைநீர் வடிகாலின் வாயை மூடுவதும் அதுதான், காற்றடித்தால் தூசியாகக் கிளம்புவதும் அதுதான். பகலில் வண்டிகள் ஓடும்போது அதன் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் சுரண்ட முடியாது, சுரண்டினால் உயிருக்கு ஆபத்து. இரவில் சுரண்டி, பெருக்கி, அள்ளிவிட்டால் காலையில் சாலையின் விளிம்பு தெரியும். ஒரு நகரத்தின் சுகாதாரப் பிரிவு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிய நான் இன்றும் பார்ப்பது அந்த விளிம்பைத்தான்.

குப்பை அள்ளும் அளவு பாதியிலிருந்து 95 விழுக்காட்டுக்கு மேல் போனது. உணவகங்களும் இனிப்புக் கடைகளும் சோதனைக்கு உள்ளாயின. சுத்தமில்லாதவை மூடப்பட்டன, பெயர் பெற்றவை உட்பட.

முதலில் பெரியவர்கள்

ஆக்கிரமிப்பு அகற்றுவதில் ராவ் கடைப்பிடித்த வரிசையை மறக்கக்கூடாது. வழக்கமாக புல்டோசர் முதலில் போவது தள்ளுவண்டிக்காரரிடம். சூரத்தில் செல்வாக்கு உள்ளவர்களின் விதிமீறிய கட்டடங்களிலிருந்து இடிப்பு தொடங்கியது. அதைப் பார்த்த பிறகு சிறிய ஆக்கிரமிப்பாளர்கள் பலர் தாங்களாகவே பின்வாங்கினார்கள். குறுகிய சாலைகள் அகலமாயின. பெரியவர் கையைத் தொடும் அரசைத்தான் சின்னவர் நம்புவார் என்பது எந்த ஊரிலும் உண்மை.

ஆனால் இதிலும் வலி உண்டு. சாலை அகலமானபோது பிழைப்பிடத்தை இழந்த நடைபாதை வியாபாரிகளும் குடிசைவாசிகளும் இருந்தார்கள். பெரிய கட்டடம் வைத்திருந்தவருக்கு வேறு சொத்து இருக்கும், இவர்களுக்கு அந்த ஆறடி இடம்தான் சொத்து. சூரத்தை முழு வெற்றி என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

குடிசைப் பகுதிகளில் நடந்த வேலை அதற்கு ஓரளவு ஈடு. சந்துகளுக்குத் தளம் போடப்பட்டது, வடிகால் கட்டப்பட்டது, தெருக்குழாய் வந்தது, கட்டணக் கழிப்பிடங்கள் திறக்கப்பட்டன. இவற்றோடு, மருத்துவமனைகளிலிருந்து நோய்த் தகவலை நாள்தோறும் திரட்டும் ஏற்பாடும் வந்தது. எந்தப் பகுதியில் காய்ச்சல் கூடுகிறது, எங்கே வயிற்றுப்போக்கு என்று தெரிந்தால், சுகாதாரப் பிரிவும் குடிநீர்ப் பிரிவும் அன்றே அங்கே போய்விடலாம். தினமும் மதியம் கூடும் அந்தக் கூட்டத்தில் குப்பைக் கணக்கும் காய்ச்சல் கணக்கும் ஒன்றாக மேசைக்கு வந்தன. நம் நகராட்சிகளில் இவை இரண்டு தனிப் பதிவேடுகளாக இருந்து ஒன்றையொன்று பார்க்காமலே பழையதாகிவிடும்.

ராவ் பதவியில் இருந்தபோதே, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக், சண்டிகருக்கு அடுத்த தூய நகரம் என்று சூரத்தைக் குறிப்பிட்டது. பிளேக்கால் உலகச் செய்தியான ஊர் அது.

மாறுதலுக்குப் பின்

1997-ல் அவர் அங்கிருந்து போனார். பின்னாளில் மத்திய அரசின் வணிகத்துறைச் செயலாளர் பதவி வரை உயர்ந்தார். 2013 டிசம்பரில் பாலியில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாட்டின்போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவரே. அந்தப் பணியின் சிறப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஒரு மாநகராட்சியில் கழித்த இரண்டு ஆண்டுகளுக்காகத்தான் மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது உள்ளாட்சிக்காரனுக்குப் பெருமை.

நல்ல அதிகாரி போனதும் ஊர் பழையபடி ஆகிவிடும் என்பது நமக்குப் பழகிப்போன கதை. சூரத்தில் அப்படி ஆகவில்லை. பின்னால் வந்த ஆணையர்களும் மண்டல முறையை விடவில்லை. 1995-ல் 111 சதுர கிலோமீட்டர் இருந்த மாநகராட்சி எல்லை 2006-ல் 326 ஆகப் பெருகியது. மக்கள்தொகை 2011-ல் 44 லட்சத்தைத் தாண்டியது. இதற்கேற்ப மண்டலங்களும் கூடின. ராந்தேர், கதார்காம், வராச்சா, உத்னா, அத்வா, லிம்பாயத் என்று சூரத்காரர்கள் இன்றும் மண்டலத்தின் பெயரைச் சொல்லித்தான் மாநகராட்சியைப் பற்றிப் பேசுகிறார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்து பாண்டேசரா தொழிற்பேட்டைக்கு விற்கும் நிலையம் 2014-ல் வந்தது. மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டும் இந்தூருக்கு அடுத்த இடம், 2023-ல் இந்தூரோடு சேர்ந்து முதலிடம்.

ஏன் நிலைத்தது என்று யோசித்திருக்கிறேன். என் கணிப்பு இது: ராவ் காலத்தில் முடிவெடுத்துப் பழகிய பொறியாளர்களும் சுகாதார அலுவலர்களும் அவரோடு போகவில்லை. ஆணையர் ஐ.ஏ.எஸ்., அவர் மாறுதலில் போவார். மண்டலத்தில் இருப்பவர் அதே மாநகராட்சியில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெறுபவர். சொந்தக் கையெழுத்தில் ஒரு சாலையைப் போட்டு, அடுத்த நாள் அதே சாலையில் நின்று பார்த்தவர், மறுபடியும் எல்லாவற்றுக்கும் தலைமை அலுவலகத்துக்குக் கோப்பு அனுப்ப மனம் ஒப்பமாட்டார். ஊர் மக்களும் ஒருமுறை சுத்தத்தைப் பார்த்துவிட்டார்கள். வரியும் ஓரளவு ஒழுங்காக வரத் தொடங்கியது.

குறை இல்லாமல் இல்லை. புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் அறைகள் இன்றும் நெரிசல்தான். ஒரு மனிதரின் ஆளுமையைச் சுற்றியே எல்லாம் நடந்தது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ற உறுப்பினர்கள் ஓரமாக நின்றார்கள் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. வார்டு உறுப்பினரை ஒதுக்கிவிட்டுச் செய்யும் வேலை வேகமாக நடக்கும், ஆனால் மக்களுக்கு அதில் பிடிமானம் குறைவு.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய சோதனை 2006 ஆகஸ்டில் வந்தது. உகாய் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தபதியில் பெருக்கெடுத்து, நகரின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. வெள்ளத்தின் அளவு 1994-ஐ விட மிகப் பெரியது, உயிரிழப்பும் அதிகம். தண்ணீர் வடிந்ததும் அதே சேறு, அதே செத்த கால்நடைகள், பல மடங்கு குப்பை. மண்டலங்கள் வேலையில் இறங்கின, பக்கத்து நகரங்களிலிருந்து பணியாளர்களும் வண்டிகளும் வந்தன, எலிக்காய்ச்சலுக்கு எதிரான மாத்திரைகளோடு சுகாதாரக் குழுக்கள் வீடு வீடாகப் போயின. 1994-ல் வெள்ளம் வடிந்த சில வாரங்களில் ஊரே ரயில் நிலையத்தில் நின்றது. 2006-ல் நோய்க்குப் பயந்து ஓடிய அந்தக் கூட்டம் இல்லை.